பத்தொன்பதாவது ஆள்

பெர்ஸ் ட்ரெவின் இறந்தபோது உள்ளூர் வாரப் பத்திரிகை ஆறு வரி போட்டது. வாரிண்டல் கால்பந்துக் குழுவுக்காக இருநூற்றுப் பதினெட்டு ஆட்டங்கள் ஆடியவர் என்று அதில் இருந்தது. உண்மையில் இருநூற்றுப் பதினேழு. தவறைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்ததால் அது அப்படியே நின்றுவிட்டது. ஒன்று கூடுதலாக இருப்பதை அந்த வட்டாரத்தில் அவரைவிட வேகமாகக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. கண்டுபிடித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்ததற்காகத்தான் ஊர் அவரை நினைவு வைத்திருந்தது என்பது வேறு விஷயம்.

எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. தேவாலயத்துக்குப் போனால் தலைகளை எண்ணுவார். தந்திக் கம்பியில் காக்கட்டூக் கிளிகள் உட்கார்ந்தால் அவை பறப்பதற்குள் எண்ணி முடித்துவிடுவார். தட்டில் பட்டாணி விழுந்தால் கரண்டி ஒரு கணம் நிற்கும்.

"சாப்பிடப் போறியா, இல்ல அதுங்களுக்கு ஓட்டுரிமை குடுக்கப் போறியா?" என்று மனைவி எட்னா கேட்பாள்.

அது அவர் தொழில். ஆட்டுச்சந்தையில் செம்மறிகள் கைமாறும்போது எண்ணிக் கொடுப்பது. பட்டியின் குறுகலான கதவைப் பாதி திறந்து ஒருவர் நிற்பார்; ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாவி, தண்ணீர் மடையில் பாய்வது போலப் பாயும். அதை ஒவ்வொன்றாக எண்ணுகிறவன் மாலைக்குள் பைத்தியமாகிவிடுவான். பெர்ஸ் மும்மூன்றாக எண்ணுவார். வலது கை காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும், ஒரு வெட்டுக்கு மூன்று. நூறு ஆனதும் "நூறு!" என்று கத்துவார். விற்கிறவர் ஒரு விரலை மடக்குவார், வாங்குகிறவர் வேலிக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். வேறு முத்திரை போட்ட அயல் ஆடு ஏதாவது கூட்டத்தோடு கலந்து வந்தால், இடது கை தானாக நீண்டு அதன் தாடைக்கடியில் பிடித்துப் பக்கத்துச் சிறுபட்டிக்குள் தள்ளிவிடும். எண்ணிக்கை நிற்காது. அதற்காகக் கூச்சல் போடுகிற வழக்கமும் இல்லை.

எண்ணி முடித்தபின் "இன்னொரு தரம் எண்ணு" என்று கேட்க இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், எண்ணியவனைத் திருடன் என்றோ குருடன் என்றோ சொன்னதாக அர்த்தம். பதினைந்து வருடத்தில் பெர்ஸிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சந்தையில் அவருக்குப் பெயரே "மூணு" என்றாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் அவர் வாரிண்டலின் கோல் கம்பங்களைக் காத்தார். குழுவின் தலைவரும் அவரே. வாரிண்டல் முப்பத்தேழு வருடமாக அந்த லீகில் ஆடி, ஒரு முறைகூடப் பட்டம் வெல்லாத ஊர். வென்றால் பட்டக்கொடி ஏற்றுவதற்கென்று நம்பிக்கை மிகுந்த ஒரு தலைமுறை மைதானத்தில் கம்பம் நட்டு வைத்திருந்தது. நட்டு இருபத்தாறு வருடத்தில் அதன் உச்சிக்குப் போனவை மேக்பைப் பறவைகள் மட்டும்தான். வருடா வருடம் கம்பத்துக்கு வெள்ளை அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

1952-இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரில் கேரிக் ஊர் அணி. பெர்ஸுக்கு முப்பத்து நாலு வயது. வலது முழங்கால் அதைவிட மூத்தது. அடுத்த வருடம் ஆட முடியாது என்பது அவருக்கும் முழங்காலுக்கும் எட்னாவுக்கும் தெரியும். வெல்வதற்கு இருந்தது அந்த ஒரு பிற்பகல்.

லீகின் விதிப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டுக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். எதிரணியில் ஆள் கூடுதல் என்று சந்தேகம் வந்தால், அணித் தலைவர் கையைத் தூக்கி நடுவரிடம் எண்ணச் சொல்லலாம். ஆட்டம் நிற்கும்; வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். பத்தொன்பது இருந்தால், அந்த அணி அந்த நிமிடம் வரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் ரத்து. பூஜ்யம். கைதூக்கும் உரிமை தலைவருக்கு மட்டுமே. கிராமத்து லீகில் யாரும் கைதூக்கியதாக நினைவில்லை. சந்தையில் மறுபடி எண்ணச் சொல்வது எப்படியோ, இதுவும் அப்படி. அந்த விதியைப் பயன்படுத்த உரிமை எல்லோருக்கும் உண்டு. பயன்படுத்திய பிறகு வேறு மாவட்டத்துக்குக் குடிபோய்விடுவது நல்லது.

கேரிக்கின் முன்கள ஆட்டக்காரன் வெர்ன் லீப்கே. லூத்தரன் சபைக் குடும்பம், கோதுமையும் செம்மறியும், ஆறடி இரண்டு அங்குலம். ஆறு வருடமாக பெர்ஸின் வேலை அவனைக் கோல் அடிக்கவிடாமல் தடுப்பது, அவன் வேலை பெர்ஸைத் தாண்டி அடிப்பது. இப்படி எதிரெதிரே நின்று நின்று, இருவரும் சொந்த அண்ணன் தம்பிகளோடு பேசியதைவிட அதிகமாகப் பேசியிருந்தார்கள். 1949-இல் வட்டாரக் கூட்டு அணி ஒன்றில் இருவரும் ஒரே சட்டை போட்டு ஆடியதும் உண்டு. அன்றைக்குப் பேச விஷயமில்லாமல் தவித்துப்போனார்கள்.

அன்று பிற்பகல் ஆட்டம் தொடங்க நடுவர் பந்தைத் தரையில் குத்தி எழுப்புவதற்கு முன்பே வெர்ன் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மூணு, முழங்கால் எப்படி? கிறீச்சு கிறீச்சுங்குதே, எண்ணெய் போடலியா?"

"அது என் முழங்கால் இல்லடா. உன் மூளை யோசிக்கற சத்தம். பழக்கமில்லாததால பயந்துட்டே."

இந்தப் பதிலை பெர்ஸ் பிறகு வெகுநாள் வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டார்.

மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி வேலியோரம் நின்றன. ஊருக்கு ஒரு பக்கம்: மேற்கே கேரிக், கிழக்கே வாரிண்டல். கோல் விழுந்தால் அந்தப் பக்கத்துக் கார்கள் ஹார்ன் அடிக்கும். கோலுக்கு ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒன்று. தகரக் கொட்டகையில் பெண்கள் குழு செம்புக் கொப்பரையில் டீ கொதிக்கவைத்து, ஸ்கோன் என்ற சிறு ரொட்டிக்கு ஜாம் தடவியது.

நாலு பகுதி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் அது நடந்தது. உயரமாக வந்த பந்துக்கு இருவரும் எம்பினார்கள். பெர்ஸின் முழங்கால் வெர்னின் இடது காதுக்குப் பின்னால் பட்டது. விதிப்படி அதில் தவறில்லை. நடுவர் ஊதவில்லை, கேரிக்காரர்கள் வையவுமில்லை. வெர்ன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கித்தான் படுக்கையில் தூக்கிக்கொண்டு போய், எல்லைக் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு மேலங்கியைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். பதிலுக்குக் கெவின் டாய்ல் என்ற மாற்று ஆட்டக்காரன் உள்ளே வந்தான். வெளியே போனவர் திரும்பி வரக்கூடாது என்பது அக்கால விதி.

நான்காம் பகுதி. வாரிண்டல் நாலு புள்ளி முன்னால். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மைதானத்துக்குள் யாருக்கும் நேரம் தெரியாது, பெர்ஸைத் தவிர. அவர் அதையும் எண்ணிக்கொண்டிருந்தார். பந்து வெகு தூரத்தில் வாரிண்டலின் வசம் இருந்தது. பெர்ஸ் கம்பங்களுக்கு முன்னால், இடது ஓரமாகத் தள்ளி நின்றார். டாய்ல் நாற்பது கெஜம் முன்னே போய்ப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கோர் என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். வெர்ன்.

பெஞ்சருகே அவனைப் பார்த்துக்கொள்ள இருவரை வைத்திருந்தார்கள். ஒருவர் சதைப்பிடிப்பு வந்த யாருக்கோ கால் நீவ உள்ளே ஓடியிருந்தார். மற்றவர், நாலு புள்ளி வித்தியாசத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தில் எந்த மனிதனும் செய்வதைச் செய்தார்: ஆட்டத்தைப் பார்த்தார். வெர்ன் எழுந்து, மேலங்கி தோளிலிருந்து நழுவ, நடந்து வந்து, ஆறு வருடமாக நின்ற இடத்தில் நின்றுகொண்டான்.

"வெர்ன், இங்க என்னடா பண்றே?"

"நீ பண்றதத்தான். நிக்கறேன். ஸ்கோர் சொல்லு."

"நாலு பாயிண்ட்."

"நம்ம முன்னாடியா?"

பெர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்ணின் கறுப்பு மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் போல ஏதோ மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. தலையில் உதைபட்ட குதிரைக்காரன் ஒருவனிடம் அதை அவர் ஒரு தரம் பார்த்திருக்கிறார். அவன் அன்று சாயங்காலம் வரைகூட இல்லை.

"ஆமா," என்றார். "நம்ம முன்னாடி."

"அப்ப சரி. வலது பக்கம் எனக்கு. நீ கம்பத்தப் பாத்துக்கோ." வெர்ன் கால்களை அகட்டி, தன் ஊர்க்காரர்கள் கோல் அடித்துவிடாமல் காவல் நின்றான்.

அதற்குள் கண் தன் வேலையைச் செய்துவிட்டது. கேரிக்கின் பச்சைச் சட்டைகள். மூன்று, மூன்று, மூன்று. ஆறு மூன்று, மேலே ஒன்று. கண்ணை மூடித் திறந்து மறுபடி எண்ணினார். ஆறு மூன்று, மேலே ஒன்று.

நடுவர் எண்பது கெஜத்தில் இருந்தார். ஒரு கையைத் தூக்கினால் போதும். மூன்றே முக்கால் பகுதி நேரம் கேரிக் ஓடி, விழுந்து, முட்டி தேய்ந்து எடுத்த புள்ளிகள் அத்தனையும் அழிந்துவிடும். முப்பத்தேழு வருடம் தீரும். கம்பத்தில் கொடி ஏறும். இதெல்லாம் பெர்ஸுக்குத் தெரிந்தே இருந்தது; பின்னால் ஊரில் சிலர், "பாவம், அவனுக்குத் தோணல" என்று அவருக்காகப் பேசியது அன்பினால் சொன்ன பொய்.

பெர்ஸ் இடது கையால் வெர்னின் முழங்கையைப் பிடித்தார். வலது கையை முதுகுக்குக் கொடுத்தார்.

"வா, இப்படிப் போவோம்."

"எங்க?"

"எட்னா டீ வச்சிருக்கா."

"ஆட்டம்?"

"அது போய்க்கிட்டே இருக்கும்."

"ஸ்கோன் இருக்கா?"

"இருக்கு."

"ஜாம்?"

"ஜாமும் இருக்குடா, நட."

எல்லைக் கோட்டுக்கு நாற்பது அடி. அவர் அதையும் எண்ணினார். வெர்னின் கால்கள் பத்தாவது அடியிலேயே ஒன்றோடொன்று பின்னத் தொடங்கின; பாரம் முழுவதும் பெர்ஸின் கெட்ட முழங்காலுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால், தூரத்தில், கூட்டத்தின் இரைச்சல் தொனி மாறியது. பந்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அது வாரிண்டல் பக்கத்து வேலி. அங்கே டார்சி க்ரோகன் நின்றார்: கசாப்புக் கடைக்காரர், குழுவின் பயிற்சியாளர், அந்த வருடம் கம்பத்துக்குச் சொந்தக் கையால் வெள்ளை அடித்தவர். நடந்து வரும் இருவரையும் பார்த்தார். டாய்லைப் பார்த்தார். மறுபடி இவர்களைப் பார்த்தார். அந்த முகத்தில் விடிந்தது போல் ஒன்று வந்தது.

"பெர்ஸ்! எண்ணச் சொல்லு! கையத் தூக்கு! அவனுங்க பத்தொன்பது!"

"டாக்டரக் கூப்பிடு, டார்சி."

"டாக்டரும் வருவாரு, பட்டமும் வரும்! ரெண்டும் ஒண்ணா வரும்டா! நீ கூப்பிட்டா ஆட்டமே நின்னுடும். கையத் தூக்கு!"

பெர்ஸ் நடந்தார்.

"நில்லு! அங்கயே நில்லு! கோட்டத் தாண்டினா போச்சு, அப்புறம் பதினெட்டுதான்! இன்னும் அஞ்சடி இருக்கு. பெர்ஸ், உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், அஞ்சடி!"

அந்த ஐந்தடியைப் பற்றி வாரிண்டல் பிறகு பேசியதை எழுதினால் ஒரு புத்தகம் வரும். டார்சி சொன்னதில் தவறே இல்லை என்பதுதான் அதில் கஷ்டம். கூப்பிட்டிருந்தால் ஆட்டம் நின்றிருக்கும், மருத்துவரும் அதே வேகத்தில் வந்திருப்பார், வெர்னுக்கு அதனால் ஒரு குறையும் வந்திருக்காது. வரிசையில் நின்றிருப்பான், அவ்வளவுதான். நடுவர் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் அவனிடம் நின்றிருப்பார். இரண்டாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். அதன் பிறகு, பட்டத்தைத் தொலைத்த வெர்ன் லீப்கே யார் என்று கேரிக்கில் யாரும் கேட்டிருக்கவேண்டியதில்லை.

கையைத் தூக்குவதென்றால் ஒரு கையை விடவேண்டும். எந்தக் கையை விட்டாலும் அவன் விழுவான். பெர்ஸ் இரண்டையும் விடவில்லை. நாலு. மூன்று. இரண்டு. காலடியில் சுண்ணாம்புக் கோடு போயிற்று.

அப்போது மேற்கிலிருந்து ஹார்ன் சத்தம் எழுந்தது. ஒரு காரில் தொடங்கி, வரிசை முழுவதும். எந்தப் பக்கத்துக் கார்கள் என்பது தெரிந்ததால் பெர்ஸ் கோலைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. காவல் இல்லாத கம்பங்களுக்கு நடுவே டாய்ல் பந்தை உதைத்திருந்தான். கம்பத்தருகே நின்ற வெள்ளை உடுப்பு நடுவர், கோல் என்று இரண்டு கொடிகளையும் அசைத்தார். கேரிக் இரண்டு புள்ளி முன்னால்.

வெர்னைப் புல்லில் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு பெர்ஸ் திரும்பி ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மூன்று நிமிடம் கழித்து மணி அடித்தது.

ஆட்டம் முடிந்ததும் மருத்துவர் வெர்னைத் தன் காரிலேயே பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். உடைமாற்றும் கொட்டகையில் வாரிண்டல் ஆட்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எத்தன?"

"பத்தொன்பது."

எண்ணவில்லை என்று சொல்லியிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். பெர்ஸ் எண்ணாத மனிதர் என்பதை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள், ஆனாலும் மன்னித்திருப்பார்கள்.

"அப்புறம் ஏன்டா?"

பெர்ஸ் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பூட்ஸும் கழன்றதும் டார்சி வெளியே போனார். கதவை ஓங்கி அறையக்கூட இல்லை. அதுதான் உள்ளே இருந்தவர்களுக்குப் பயமாக இருந்தது.

ஊர் அவரை ஒதுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரும் அல்ல. வணக்கம் சொன்னார்கள், பருவநிலை பற்றிப் பேசினார்கள். அவர் மதுக்கடைக்குள் நுழையும்போது மட்டும் ஒரு பேச்சு முடிந்து இன்னொன்று தொடங்கும். போதகர் ஒரு ஞாயிறு, பெயர் சொல்லாமல், "நம்மிடையே ஒருவர்" என்று பிரசங்கத்தில் புகழ்ந்தார்; அந்தப் புகழ்ச்சி செய்த கெடுதலை டார்சியாலும் செய்ய முடிந்ததில்லை. கேரிக்காரர்கள் நன்றி சொல்லவில்லை. சொல்வதென்றால் அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும். சந்தையில் பெர்ஸைக் கண்டால் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் அவசர வேலை வந்துவிடும். அடுத்த பருவத்தில் வேறொருவர் தலைவர். இருநூற்றுப் பதினெட்டாவது ஆட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

பிப்ரவரிச் சந்தையில் டார்சி ஒரு மந்தை வாங்கினார். பெர்ஸ் எண்ணினார்.

"நானூத்திப் பன்னெண்டு."

டார்சி வேலியில் கையூன்றி, ஆடுகளைப் பார்த்தபடி சொன்னார்:

"இன்னொரு தரம் எண்ணு."

பக்கத்துப் பட்டிகளில் பேச்சு நின்றது. விற்றவர் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடினார். பெர்ஸ் ஆடுகளைத் திரும்ப உள்ளே ஓட்டிக் கதவைத் திறந்தார். புழுதி அடங்கியபோது மறுபடி சொன்னார்:

"நானூத்திப் பன்னெண்டு."

"சரி," என்றார் டார்சி.

அன்று வீட்டில் எட்னா தட்டில் பட்டாணி போட்டாள். கரண்டி நிற்கவில்லை.

"எத்தன?" என்றாள்.

"எண்ணல."

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "பெர்ஸ், ஊருக்குச் சொல்லவேணாம். எனக்கு மட்டும் சொல்லு. ஏன் அப்படிப் பண்ணினே?"

நல்ல காரணம் ஒன்று கண்டுபிடிக்க அவர் உண்மையாகவே முயன்றார்.

"தெரியல எட்னா," என்றார் கடைசியில். "கை தானாப் போச்சு."

வெர்ன் சாகவில்லை. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இடது காது செவிடாகி, வீடு திரும்பினான். இறுதி ஆட்டத்தன்று காலை சாப்பிட்ட கஞ்சிக்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில் இல்லை. பட்டம் வென்ற பதக்கத்தை மனைவி ஐவி சட்டமிட்டு மாட்டியிருந்தாள். அதன் எதிரே நின்று, யாருடையதோ என்பது போலப் பார்ப்பானாம்.

அடுத்த அக்டோபரில் அவன் செம்மறிகளோடு வாரிண்டல் சந்தைக்கு வந்தான். சொந்த ஊர்ச் சந்தையைத் தாண்டி முப்பது மைல். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. செவிட்டுக் காதின் பக்கம் ஐவி நின்றாள். அன்று ஏலத்தில் அந்த மந்தை டார்சியின் பெயருக்கு விழுந்தது.

வெர்ன் கதவருகே வந்தான்.

"நீதான் என்னைக் களத்த விட்டு வெளியேத்தினதாச் சொல்றாங்க."

"ரெண்டு தரம். முதல்ல முட்டியால, அப்புறம் கையால."

"ஜெயிச்சது நாங்களாமே."

"ஆமா."

"நான் நல்லா ஆடினேனா?"

"கடசில எங்க பக்கம் பிரமாதமா ஆடினே."

வெர்ன் சிரித்தான். என்ன வேடிக்கை என்று தெரியாமலேயே சிரிக்கிறான் என்பது பெர்ஸுக்குத் தெரிந்தது. ஐவி வேறு பக்கம் பார்த்தாள்.

கதவு திறந்தது. ஆடுகள் பாய்ந்தன. பெர்ஸின் வலது கை வெட்டத் தொடங்கியது. "நூறு!" வெர்ன் ஒரு விரலை மடக்கினான். டார்சி கட்டையில் ஒரு கோடு போட்டார். "நூறு!" இன்னொரு விரல், இன்னொரு கோடு.

மூன்றாம் நூற்றின் நடுவே, நெருக்கத்தில் ஒரு பெட்டை வந்தது. முதுகில் நீல முத்திரை. லீப்கே முத்திரை சிவப்பு. பக்கத்துப் பண்ணையிலிருந்து வழி தப்பிச் சேர்ந்துகொண்டது போலும். பெர்ஸ் அதைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. இடது கை நீண்டது, தாடைக்கடியில் பிடித்தது, முதுகைத் தாங்கித் திருப்பிச் சிறுபட்டிக்குள் விட்டது. வலது கை ஒரு வெட்டும் தவறவில்லை. உதடுகள் எண்ணிக்கொண்டேயிருந்தன. யாரும் கூச்சல் போடவில்லை. யாரும் ஆட்டை வையவில்லை.

டார்சியின் பென்சில் கட்டையின் மேல் நின்றுவிட்டது. அவர் பெர்ஸின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "நூறு!" என்று கேட்டதும் திடுக்கிட்டு மூன்றாம் கோட்டை இழுத்தார்.

"முன்னூத்தி நாப்பத்தொண்ணு," என்றார் பெர்ஸ், கதவைச் சாத்தி. "வெர்ன், நீ எத்தன நூறு வச்சிருக்கே?"

வெர்ன் தன் விரல்களைப் பார்த்தான். இரண்டு மடங்கியிருந்தன. மூன்றாவதை மடக்கினானா, மடக்கிப் பிறகு விட்டுவிட்டானா என்று அந்த விரலிடமே கேட்பவன் போல நின்றான். காதோரம் சிவந்துகொண்டு வந்தது.

"ரெண்டு," என்றான் மெதுவாக. "ரெண்டுன்னுதான் நினைக்கறேன்."

எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் மறுபடி எண்ணவேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை, அதுவே முறை. ஆனால் முழு மந்தையையும் திரும்ப ஓட்டி, வெர்னை மறுபடி விரல்களோடு எல்லோர் முன்னாலும் நிற்கவைக்க வேண்டும். விற்றவனே குறைத்துச் சொல்கிறான். வாங்குகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு நூறு ஆட்டுக்குப் பணம் குறைத்தாலும் கேட்பாரில்லை. பக்கத்துப் பட்டிகளில் மறுபடி பேச்சு நின்றது. எல்லோரும் டார்சியின் வாயைப் பார்த்தார்கள்.

டார்சி சிறுபட்டியைப் பார்த்தார். நீல முத்திரைப் பெட்டை ஒரு மூலையில் நின்று, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல், வேலிக்கடியில் முளைத்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அது வந்ததுக்கு நீ நிறுத்தவே இல்லியே," என்றார்.

"எது?"

"அந்த ஒண்ணு."

"அதுக்கு எதுக்கு நிறுத்தணும்?" என்றார் பெர்ஸ். அவருக்குக் கேள்வி உண்மையாகவே புரியவில்லை. "வழி தெரியாம வந்திருக்கு. அவ்வளவுதான்."

டார்சி கட்டையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். பென்சிலைக் காதுக்குமேல் செருகினார். எடுத்து மறுபடி செருகினார்.

"மூணுதான்," என்றார் வெர்னிடம், நல்ல காதின் பக்கம் நகர்ந்து. "நானும் மூணு வச்சிருக்கேன். எண்ண வேணாம்."

போகிற வழியில் சிறுபட்டிக் கதவருகே நின்று, அது நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்தை கலைந்ததும் பெர்ஸும் வெர்னும் அந்தப் பெட்டையைத் தூக்கி வெர்னின் லாரியில் ஏற்றினார்கள், முப்பது மைல் தாண்டி அதன் வீட்டில் விடுவதற்கு.